பத்து மில்லிமீட்டர் நட்டு காணாமல் போனது குறித்து சம்பந்திக்கு

மதிப்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரியும் சுகம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் பேத்தியும், தங்கள் தோள்பட்டைக்குக் கீழே புதிதாகக் குடிவந்திருக்கும் பேஸ்மேக்கரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தையல் போட்ட இடத்தில் இழுக்கிறதா, இடது கையைத் தூக்க முடிகிறதா, மகன் வீட்டில் படுக்கை வசதியாக இருக்கிறதா என்பதையெல்லாம் விவரமாக எழுதவும். போனில் கேட்டால் தாங்கள் “நல்லா இருக்கேன் சம்பந்தி” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

நிற்க. தாங்கள் ஒப்படைத்த காரியத்தில் நான் தோற்றுப் போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்வது எனக்கும் பழக்கமில்லை, தங்களுக்கும் பிடிக்காது. தங்கள் சிவப்புக் கார், அதாவது கூரை மடங்கும், ரெண்டே ரெண்டு சீட் உள்ள அந்த ஸ்போர்ட்ஸ் கார், தாங்கள் மகன் வீட்டுக்குப் போகும்போது விட்டுப்போன என் ஷெட்டில்தான் இன்னும் நிற்கிறது. அதை வாங்கப் பல் டாக்டர் வந்தார், பார்த்தார், வெறுங்கையோடு போய்விட்டார். அதற்கு முழுப் பொறுப்பும் நான்தான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாங்கள் என்ன சொன்னாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை தாங்கள் போனில் சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. “ரெண்டு மாசமா ஓடாம நின்னு பேட்டரி செத்திருக்கும் சம்பந்தி. புதுசு ஒண்ணு மாத்தி, வெள்ளிக்கிழமை காலையில பல் டாக்டர்கிட்ட சாவியைக் குடுத்துடுங்க. ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கார். இன்ஜின் பக்கம் நெஞ்சைக் கொண்டுபோகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இனிமே எனக்கு எதுக்கு அது?” என்றீர்கள். நான் “ஆகட்டும் சம்பந்தி” என்றேன். போனை வைத்தேன். என் வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

“ஆகட்டுமா? என்ன ஆகட்டும்? ஞாயித்துக்கிழமை ஆனா அந்தக் கார்ல ஊர் சுத்த சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு ஆறு மணிக்கே வாசல்ல போய் நிக்கிற மனுஷன், ஆகட்டுமாம்!”

“சம்பந்தி ஒண்ணு சொன்னா மறுத்துப் பேச முடியுமாடி? பொண்ணைக் குடுத்த இடம்.”

“குடுத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. இன்னும் ரெண்டு பேரும் ஆபீசுக்கு மனு குடுக்கிற மாதிரியே பேசிக்குங்க” என்றாள். அவள் சொன்னதைத் தாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை, அதாவது இன்று, விடிந்ததும் புதுப் பேட்டரியோடு ஷெட்டுக்குள் நுழைந்தேன். குடிநீர் வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவனுக்கு ஒரு பேட்டரி எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முதல் சிக்கல், டிக்கி திறக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன், குத்தினேன், கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை. பேட்டரி இருப்பது டிக்கிக்குள்ளே. டிக்கி திறப்பதோ பேட்டரியால். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தவர் எங்கள் வாரியத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே மெமோ கொடுத்திருப்பேன். அப்புறம்தான் காரின் முன்சீட்டுக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டியறையில் தாங்கள் வைத்திருக்கும் நீல அட்டை நோட்டு ஞாபகம் வந்தது. நான்காவது குறிப்பு: “டிக்கி திறக்காவிட்டால் பதற வேண்டாம். ஓட்டுகிறவர் சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கினால் ஒரு கம்பி வளையம் இருக்கும். மெதுவாக இழுக்கவும். மெதுவாக.” ரெண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். யாரை மனதில் வைத்து எழுதினீர்கள் என்று தெரியவில்லை. நான் இழுத்த இழுப்பில் டிக்கி மூடி படாரென்று எழும்பி, காருக்குப் பின்னால் எனக்காகத் தேநீர் கொண்டுவந்து நின்ற வீட்டுக்காரி கையிலிருந்த தம்ளரைத் தட்டிவிட்டது. தேநீர் முழுக்க அவள் புடவையில். தங்கள் காரில் ஒரு சொட்டு விழவில்லை, கவலை வேண்டாம்.

ஏழாவது குறிப்பு: “மோதிரம், கைக்கடிகாரம் கழற்றவும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை. சாவி காரில் இருக்கக் கூடாது. கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.” கடிகாரம் வந்துவிட்டது. மோதிரம் முப்பத்தெட்டு வருஷமாகக் கழற்றாத மோதிரம். சோப்பு போட்டோம், எண்ணெய் போட்டோம், நூல் சுற்றி இழுத்தோம். “பேட்டரியை விட அதுதான் கெட்டியா பிடிச்சிருக்கு” என்று அவள் சிரித்தாள். கடைசியில் தோலோடு கொஞ்சம் உரிந்துகொண்டு வந்தது. வந்ததும் அவள் அதைத் தன் விரலில் போட்டுக்கொண்டு, “வேலை முடிஞ்சதும் திருப்பித் தருவேனா இல்லையான்னு யோசிக்கணும்” என்றாள். இந்த வயதில் இதெல்லாம் தேவையா சம்பந்தி?

கண்ணாடிக்கு வழி இல்லை. தேடித் தேடி, போன லீவில் பேத்தி விட்டுப்போன நீச்சல் கண்ணாடி கிடைத்தது. இளஞ்சிவப்பு நிறம், ஓரத்தில் ஒரு மீன். அதைப் போட்டுக்கொண்டால் படிக்கிற கண்ணாடி போட முடியாது. ஆகவே நோட்டைப் படிப்பது அவள், செய்வது நான் என்று ஏற்பாடாயிற்று. அவள் படிக்கிற வேகத்துக்கு நான் செய்ய வேண்டும். “நெகட்டிவ்! நெகட்டிவ்னு எழுதியிருக்கு, அது கறுப்பு ஒயர், உங்க கை எங்க போகுது?” என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. கறுப்பைக் கழற்றி, ஒதுக்கித் துணி சுற்றி வைத்து, பிறகு சிவப்பைக் கழற்றினேன். பழைய பேட்டரியைத் தூக்கியபோது ஒரு சத்தம் கேட்டது. காரிலிருந்து வந்ததா, என் முதுகிலிருந்து வந்ததா என்று இன்னும் முடிவாகவில்லை.

இப்போது நான் செய்த பெரிய தவறுக்கு வருகிறேன். பழைய பேட்டரியின் விலாவிலிருந்து சுண்டுவிரலில் பாதிக் கனத்துக்கு ஒரு கறுப்புக் குழாய் புறப்பட்டு, டிக்கித் தரையில் உள்ள ஓட்டை வழியாகக் காருக்கு அடியில் போகிறது. அதைப் புதுப் பேட்டரியின் ஒரு பக்கத் துளையில் மாட்டினேன். மறுபக்கத் துளைக்குப் பேட்டரியோடு ஒரு சின்னச் சிவப்பு மூடி கொடுத்திருந்தார்கள், அதையும் அழுத்தினேன். சரியாகத்தான் செய்தேன், இதுவரை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். குழாய் எங்கே போகிறது பார்ப்போமே என்று காருக்கடியில் மல்லாந்து படுத்தேன். பார்த்தால், வாயைப் பிளந்துகொண்டு தொங்குகிறது! மூடி இல்லை, வால்வு இல்லை, ஒன்றுமில்லை. முப்பத்து நாலு வருஷம் ஊரெல்லாம் ஒழுகுகிற குழாயை அடைத்தவன் கை அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? ஒரு மரக்குச்சியைச் சீவிச் செருகி, அதன்மேல் வெள்ளை டேப்பை இருபது சுற்றுச் சுற்றி, இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. எங்கள் வாரியத்தில் இப்படி ஒரு அடைப்பு போட்டிருந்தால் கைகுலுக்கியிருப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து பேட்டரிக் கடைக்காரர் பழைய பேட்டரியை எடுத்துப்போக வந்தார். வெளியே நீட்டியிருந்த என் கால்களைப் பார்த்துவிட்டு, “ஐயா, காலைக் கொஞ்சம் ஆட்டுங்க, இருக்கீங்களான்னு தெரியட்டும்” என்றார்.

“இருக்கேன், இருக்கேன். குழாயை ஒழுகாம அடைச்சிருக்கேன்.”

“எது ஒழுகிச்சு?”

“இதுவரைக்கும் ஒண்ணும் ஒழுகல. இனிமேயும் ஒழுகாது.”

அவர் குனிந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஐயா, இது தண்ணிக் குழாய் இல்லை. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து வாயு வரும். மத்த காருக்கு இன்ஜின் பக்கம் திறந்தவெளியில இருக்கும், பரவாயில்ல. இதுக்கு டிக்கிக்குள்ள, மூடின பெட்டிக்குள்ள இருக்கு. வாயு உள்ளேயே தங்கிச்சுன்னா ஒரு சின்னப் பொறி போதும், டிக்கியும் போகும், நீங்களும் போவீங்க. வெளியே போகட்டும்னுதான் குழாயே வெச்சிருக்கான். ஒரு பக்கம் மூடணும், ஒரு பக்கம் திறந்திருக்கணும். நீங்க ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கீங்க.”

“இவருக்கும் இவர் சம்பந்திக்கும் எப்பவும் அதுதான் பழக்கம்” என்றாள் என் வீட்டுக்காரி, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காருக்கடியில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

டேப்பைச் சுற்றியது இருபது சுற்று, பிரித்தது அரை மணி. குழாயைப் பேட்டரியிலிருந்து கழற்றி, அடைப்பு இருக்கிறதா என்று ஊதிப் பார்க்க வாயைக் கொண்டுபோனேன். கடைக்காரர் கையைத் தட்டிவிட்டார். “வாய் வெக்காதீங்க, உள்ள ஆசிட் இருக்கும்.” சைக்கிள் பம்பை வைத்து அவர் மேலே அடிக்க, நான் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பல வருஷத்துத் தூசி முதலில் என் முகத்துக்கு வந்தது. பிறகு காற்று வந்தது. திரும்ப மாட்டினோம். குழாய் எங்கும் மடங்காமல், நசுங்காமல் இருக்கிறதா என்று கடைக்காரர் விரலால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தார். பேட்டரியைப் பட்டையால் இறுக்கிக் கட்டினோம். சிவப்பு ஒயரை மாட்டி முடுக்கினோம். பாக்கி இருந்தது கறுப்பு ஒன்றுதான். அதை முனையில் பிடித்து இறுக்கும் பத்து மில்லிமீட்டர் நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். “அடுத்து என்ன செய்யணும், படி” என்றேன்.

அவள் பக்கத்தைத் திருப்பி, “பதினொண்ணு” என்று சத்தமாக ஆரம்பித்தாள். “பக்கத்து சீட்டை எப்போதும் கடைசி வரை பின்னால் தள்ளியே வைக்கவும். சம்பந்திக்கு முழங்கால் வலி. கேட்டால் சொல்ல மாட்டார்.”

அவள் நோட்டை மூடிவிட்டாள். கடைக்காரர் பழைய பேட்டரியைத் தூக்குகிற சாக்கில் வெளியே போய்விட்டார். சம்பந்தி, பதினோரு வருஷமாக அந்த சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். இந்தக் காரில் இடம் தாராளம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, யாரோ தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. நீச்சல் கண்ணாடியில் ஒரு குறை இருக்கிறது. வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே போகாமல் செய்திருக்கிறார்கள். உள்ளிருந்து வந்தால் போக வழி வைக்கவில்லை. கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே பல் டாக்டர் வந்துவிட்டார், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னால். வெள்ளைச் சட்டை, கையில் பை. நல்ல மனிதர். நான் அவரைக் குறை சொல்லவே மாட்டேன். காரைச் சுற்றி வந்தார், கூரையைத் தடவினார், உள்ளே உட்கார்ந்தார். பிறகு பக்கத்து சீட்டின் நெம்புகோலைப் பிடித்து, சரக்கென்று முன்னால் இழுத்துவிட்டார்.

“இதை இப்படி முன்னாலயே வெச்சுக்கலாம். நம்ம பப்பி குள்ளம். அப்பத்தான் வெளிய பார்க்க வசதியா இருக்கும்.”

“மகளுங்களா?” என்று கேட்டேன்.

“நாய்” என்றார்.

எனக்கு நாய்மேல் பகை ஒன்றும் கிடையாது. ஆனாலும் சம்பந்தி, என் இடத்தில் ஒரு நாய்! ஜன்னலுக்கு வெளியே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு! பேச்சு வழக்கில் எழுதிவிட்டால் பொறுக்க வேண்டும், எனக்கு அந்த நிமிஷம் பத்திக்கிட்டு வந்துச்சு.

சரி, காரியத்தைப் பார்ப்போம் என்று டிக்கிக்குத் திரும்பினால், நட்டைக் காணோம். அந்தப் பத்து மில்லிமீட்டர் நட்டுதான். அது இல்லாமல் கறுப்பு ஒயர் முனையில் நிற்காது, ஒயர் நிற்காமல் கார் கிளம்பாது. டிக்கிக் கம்பளத்தை உருவி உதறினோம். ஷெட்டைப் பெருக்கிச் சலித்தோம். தேநீர் தம்ளருக்குள்கூடப் பார்த்தோம். பல் டாக்டர், பாவம், வெள்ளைச் சட்டையோடு தரையில் படுத்து, பையிலிருந்து நீளக் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடியை எடுத்து, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது போலக் காரின் அடிவயிற்றை ஓரம் ஓரமாகப் பார்த்தார். கடைக்காரரும் தம் பெட்டியைக் குடைந்துவிட்டு, “இந்த அளவு மட்டும் இல்லீங்களே” என்று கையை விரித்துவிட்டார். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன் சம்பந்தி, நட்டு எங்கே போனதென்று எனக்குத் தெரியாது.

பல் டாக்டர் சட்டையைத் தட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். மத்தியானம் போன் செய்து, வேறொரு இடத்தில் பின்சீட்டும் உள்ள நீலக் கார் ஒன்று அமைந்துவிட்டதென்றும், இது வேண்டாமென்றும் சொல்லிவிட்டார். இவ்வளவுதான் நடந்தது. தாங்கள் நம்பிக் கொடுத்த ஒரே ஒரு வேலையை ஒரு நட்டில் கோட்டை விட்டேன். மன்னிக்க முடிந்தால் மன்னிக்கவும். வேறு ஆள் பார்க்கச் சொன்னால் பார்க்கிறேன். ஆகட்டும் என்று சொல்ல எனக்குத் தெரியும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். பேத்தியிடம், அவளுடைய நீச்சல் கண்ணாடி பத்திரமாக இருக்கிறது, கொஞ்சம் கிரீஸ் வாசனை மட்டும் அடிக்கும் என்று சொல்லவும். தங்கள் உடம்பு தேறி, நூறு வயது சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

என்றும் தங்கள் மரியாதைக்குரிய உறவில்,
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, கவரில் போட்டு, ஒட்டுவதற்குள் அவள் வாங்கிப் படித்தாள். “இதுலயும் ரெண்டு பக்கமும் அடைச்சாச்சா?” என்று கேட்டுவிட்டுக் கவரை என் முன்னால் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஆகவே உண்மையை எழுதுகிறேன்.

நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன் அல்லவா? கை ஏன் அங்கே போனதென்றால், சட்டைப் பை அங்கேதான் இருக்கிறது. நட்டு அதற்குள் இருந்தது. பதினொன்றாம் குறிப்பைக் கேட்டபோதே என்னை அறியாமல் போட்டேன். நாய் என்றதும் அறிந்தே வைத்துக்கொண்டேன். கடைக்காரர் பெட்டியில் அந்த அளவு நட்டு நாற்பதாவது இருக்கும், என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிவிட்டார். நீலக் காரும் கிடையாது. பல் டாக்டர் போகும்போது என் சட்டைப் பையையே பார்த்தார். “வாயைத் திறக்காதவங்களைப் பார்க்கிறதுதான் ஐயா என் தொழில். வலி எங்கேன்னு தெரியும். உங்க சம்பந்தியை நல்லா கேட்டுட்டுச் சொல்லுங்க, நான் காத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

என் மகளுக்கும் போன் போட்டேன். “மாமாவோட ஹார்ட் டாக்டர் காரை விக்கச் சொல்லவே இல்லப்பா. ஓடுற இன்ஜின் மேல குனியாதீங்க, பேட்டரி வேலையை வேற யாராவது செய்யட்டும்னுதான் சொன்னார். அடுத்த பரிசோதனையில எல்லாம் சரியா இருந்தா ஓட்டலாம்னும் சொல்லிட்டார். மாமாதான், நடுவழியில தனக்கு ஏதாவது ஆச்சுன்னா பக்கத்துல உக்காந்திருக்கிற உங்களுக்கு என்ன ஆகுமோன்னு பயந்துகிட்டு…” என்றாள். அப்புறம் அழுதாள். நானும்தான்.

சம்பந்தி, எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் நிற்க எனக்கு வேறு காரணம் கிடையாது. தங்களோடு வருவது எனக்கு வேண்டும். பதினோரு வருஷத்தில் இதைச் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

இந்தக் கவரின் மூலையைத் தடவிப் பாருங்கள். காகிதத்தில் சுற்றியிருப்பது அந்த நட்டுதான். விற்கத்தான் வேண்டுமென்றால் தாங்களே பல் டாக்டருக்கு அனுப்பிவிடுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லையென்றால் டாக்டர் சரி என்றதும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கறுப்பு ஒயரை மாட்டி முடுக்குவது நான். தாங்கள் ஷெட் வாசலில் எட்ட நின்று, “மெதுவாக, மெதுவாக” என்று திட்டினால் போதும். சீட்டைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது.